‘போதும்’னு சொல்லத் தெரியாத பிள்ளை... காதுக்குள் இருக்கும் குட்டித் தசை சொன்ன கணக்கு!

சேரன்மகாதேவியில் இருக்கும் அந்த வீட்டில் கொஞ்ச நாள் முன்புவரை தினமும் ஒரு தேடல் நடக்கும். மூன்று வயது மகளின் காதுக் கருவி எங்கே? கட்டிலுக்கு அடியில் கிடக்கும். பீடித் தட்டுக்குப் பின்னால் கிடக்கும். அரிசி வாளிக்குள் கை விட்டால் சில நாள் கிடைக்கும். ஒருமுறை செம்பருத்திச் செடித் தொட்டியில், மண்ணுக்குள் புதைந்து கிடந்தது.

“லட்சக்கணக்குல ஆகுற சாமான். கவர்மென்ட் குடுத்திருக்கு. அதோட அருமை இந்தப் பிள்ளைக்குத் தெரியலயே, பாத்தியளா?” என்று வந்தவர் போனவர் எல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா பதில் பேசுவதில்லை. பீடி சுற்றிக்கொண்டே கேட்டுக்கொள்வார். ஆனால், அவருக்கு மட்டும் மனதுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. ‘பிள்ளை சேட்டைக்குக் கழற்றவில்லை. அவளுக்கு ஏதோ செய்கிறது. அதைச் சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை.’

அந்தச் சந்தேகம் சரிதான் என்று கடைசியில் நிரூபித்தது, காதுக்குள் இருக்கும் 6 மில்லிமீட்டர் நீளத் தசை ஒன்று.

தட்டு விழுந்தும் திரும்பாத குழந்தை

குழந்தைக்கு ஒன்றே கால் வயது இருக்கும்போது, அடுப்படியில் சோற்றுத் தட்டு ஒன்று கைதவறி விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த பூனை எழுந்து ஓடியது. பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திரும்பவே இல்லை. அதை முதலில் கவனித்தது ஆச்சிதான். “ஏட்டி, பிள்ளைக்குக் காது கேக்கா?” என்று மருமகளிடம் அவர் கேட்ட கேள்வியில்தான் எல்லாம் தொடங்கியது.

திருநெல்வேலியில் பரிசோதனை செய்தபோது இரண்டு காதுகளுமே கேட்கவில்லை என்று தெரிந்தது. பிறவியிலேயே காது கேளாமல் பிறக்கும் குழந்தைகள் உலக அளவில் ஆயிரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பேர். அதில் பாதிக்கும் மேல் மரபணு சார்ந்த காரணங்கள். அப்பாவும் அம்மாவும் நெருங்கிய சொந்தமாக இருந்தால் இந்த வாய்ப்பு கூடும். இந்த வீட்டிலும் அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம்தான். அம்மா அதைக் கேட்டுவிட்டு ரயில் ஏறியவர், சேரன்மகாதேவி ஸ்டேஷன் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. யாருடைய குற்றமும் இல்லை என்று டாக்டர் எவ்வளவு சொன்னாலும், அப்படி ஒரு பயணம் எல்லா அம்மாக்களுக்கும் ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

சாதாரண ஹியரிங் எய்டு சத்தத்தைக் கூட்டித்தான் கொடுக்கும். உட்செவியில் அதை வாங்கிக்கொள்ளும் நுண்ணிய முடிசெல்கள் வேலை செய்யாவிட்டால், எவ்வளவு கூட்டினாலும் பெரிய பயனில்லை. அங்கேதான் காக்ளியர் இம்ப்ளான்ட் வருகிறது. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி சத்தத்தை வாங்கி, மின் சைகையாக மாற்றி, தோலுக்கு அடியில் பொருத்தப்பட்ட பகுதிக்கு அனுப்பும். அங்கிருந்து, நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் செருகப்பட்ட மெல்லிய கம்பி வழியாக அது செவி நரம்பையே நேரடியாகத் தூண்டும். அந்தக் கம்பியில், தயாரிக்கும் நிறுவனத்தைப் பொறுத்து 12 முதல் 22 மின்முனைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதி. காக்ளியாவின் வாசல் பக்கம் கீச்சுக்குரல். உள்ளே போகப்போக கனத்த குரல்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள ஏழைக் குடும்பங்களின் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த சிகிச்சை கிடைக்கிறது. சென்னையில்தான் முடியும் என்ற காலம் போய், தென்மாவட்டத்திலேயே செய்கிறார்கள். இந்தக் குழந்தைக்கும் இரண்டு வயது தாண்டிய கொஞ்ச நாளில் அறுவை சிகிச்சை முடிந்தது. சில வாரம் கழித்து ‘ஸ்விட்ச் ஆன்’. முதன்முதலாகச் சத்தம் கேட்டதும் பிள்ளை கண்ணை அகல விரித்து, அப்புறம் அழுதாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள், செல்போனில் படம் எடுத்தார்கள்.

வீடியோக்கள் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

எவ்வளவு கூட்ட, எவ்வளவு குறைக்க?

இம்ப்ளான்ட் வைத்த எல்லோருக்கும் ‘மேப்பிங்’ என்று ஒன்று செய்வார்கள். கருவியை கம்ப்யூட்டரோடு இணைத்து, ஒவ்வொரு மின்முனைக்கும் இரண்டு அளவு குறிப்பார்கள். லேசாகக் கேட்கத் தொடங்கும் இடம் கீழ் எல்லை. ‘சத்தமாக இருக்கிறது, ஆனால் தொந்தரவு இல்லை’ என்று சொல்லும் இடம் மேல் எல்லை. வெளியே கேட்கும் எல்லாச் சத்தங்களையும் கருவி இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில்தான் சுருக்கிக் கொடுக்கும்.

கீழ் எல்லையில் கொஞ்சம் முன்னே பின்னே போனால் பெரும்பாலும் சமாளிக்கலாம். மேல் எல்லை அப்படியில்லை. வெளியே மேளம் அடித்தாலும், லாரி ஹாரன் அடித்தாலும் கருவி மேல் எல்லையைத் தாண்டி மின்சாரம் அனுப்பாது. அதாவது, குழந்தை தன் வாழ்க்கையில் கேட்கப்போகும் எல்லாப் பெரிய சத்தமும் வந்து முட்டும் இடம் அதுதான். அது தாழ்ந்திருந்தால் பேச்சு மங்கலாகக் கேட்கும். உயர்ந்திருந்தால் குக்கர் விசில்கூட ஊசி குத்துவதுபோல் இருக்கும்.

பெரியவர்களுக்கு இது கஷ்டமில்லை. “இது சரியா? இன்னும் கூட்டவா?” என்று கேட்டால் பதில் சொல்வார்கள். பிறந்ததிலிருந்து சத்தமே கேட்காத இரண்டு வயதுக் குழந்தையிடம் எப்படிக் கேட்பது? ‘சத்தம்’ என்றால் என்ன, ‘அதிகம்’ என்றால் என்ன என்று அதற்குத் தெரியாதே!

அதனால் ஆடியாலஜிஸ்டுகள் குழந்தையின் முகத்தைப் பார்ப்பார்கள். விளையாட்டு நின்றதா, புருவம் சுருங்கியதா, அம்மாவை ஒட்டிக்கொண்டதா என்று கவனிப்பார்கள். பல குழந்தைகளிடம் இது பலிக்கும். சேரன்மகாதேவிப் பிள்ளையிடம் பலிக்கவில்லை. புது இடம், புது ஆள் என்றால் அவள் கல்லாகிவிடுவாள். சத்தம் வந்தாலும் ஒரே பார்வை, வராவிட்டாலும் அதே பார்வை.

பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாததைப் பார்த்து அம்மாவுக்குப் பதறியது. ஒவ்வொரு முறை மேப்பிங் போகும்போதும், “இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்க மேடம். அவளுக்குக் கேக்கவே இல்ல” என்பார். அளவுகள் மெல்ல மெல்ல ஏறின.

கொடைக்குப் போன நாள்

திருநெல்வேலிப் பக்கம் அம்மன் கோயில் கொடை என்றால் எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நையாண்டி மேளம், வில்லுப்பாட்டு, தெருவுக்குத் தெரு கட்டிய குழாய் ஸ்பீக்கர். இந்த வட்டாரம் சத்தத்தைக் கொண்டாடத் தெரிந்த வட்டாரம். அடுத்த ஸ்டேஷனான காருக்குறிச்சியில்தான் நாதஸ்வர மேதை காருக்குறிச்சி அருணாசலம் பிறந்தார். 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் அவர் வாசித்ததை இன்றும் ஊர் பெருமையோடு பேசும்.

அப்படி ஒரு கொடைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மேளம் தொடங்கிய கணத்தில் அவள் வீறிட்டாள். தலையோடு ஒட்டியிருந்த காயிலைப் பிடுங்கி வீசினாள். கூட்டத்தில் கால்களுக்கு நடுவில் அதைத் தேடி எடுப்பதற்குள் அப்பாவுக்கு உயிர் போய்விட்டது.

“பிள்ளை சாமியப் பாத்துப் பயந்துட்டா. துண்ணூறு போடுங்க” என்றார் ஒருவர். மைனி முறையுள்ள ஒருத்தி, “இதுக்குத்தான் அப்பவே சொன்னேன், சும்மா இருந்த பிள்ளை மண்டைய அறுக்காதியன்னு” என்றாள். அம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு, காலையில் கருவியை மாட்ட வந்தாலே பிள்ளை ஓடி ஒளிந்தாள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மாட்டினாலே அதிசயம். இது சாதாரண விஷயமில்லை. மூளை, மொழியை வாங்கிக்கொள்ளத் திறந்து வைத்திருக்கும் கதவு குழந்தைப் பருவத்தின் முதல் சில ஆண்டுகளில்தான் அகலமாக இருக்கும். கருவி அரிசி வாளியில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் கதவு கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொண்டே போகும்.

உடம்பிலேயே சின்னத் தசை

நடுச்செவியில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள் இருப்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். மூன்றில் சின்னது அங்கவடி. சுமார் 3 மில்லிமீட்டர்தான். மனித உடம்பின் மிகச் சிறிய எலும்பு அது. அதைப் பிடித்து இழுக்க ஒரு தசை இருக்கிறது. அதன் பெயர் ஸ்டெபீடியஸ். எலும்புகளை அசைக்கும் தசைகளிலேயே மிகச் சிறியது அதுதான்.

காதில் பெரிய சத்தம் விழுந்ததும் இந்தத் தசை சுருங்கும். குதிரைக்குக் கடிவாளம் பிடிப்பதுபோல அங்கவடியைப் பிடித்து இழுக்கும். எலும்புச் சங்கிலி விறைத்துக்கொள்ளும். உள்ளே போகும் சத்தம், முக்கியமாக கனத்த சத்தம், கொஞ்சம் குறையும். இதை யாரும் நினைத்துச் செய்ய முடியாது. கண்ணில் தூசி பட்டால் இமை மூடுவதுபோல, தானாக நடக்கும் அனிச்சைச் செயல். நன்றாகக் கேட்கும் காதில் சுமார் 70 முதல் 100 டெசிபல் அளவில் இது நடக்கும்.

இதில் இன்னும் ஓர் ஆச்சர்யம் இருக்கிறது. சத்தம் ஒரு காதில் விழுந்தாலும் தசை இரண்டு காதிலும் சுருங்கும். செவி நரம்பு கொண்டுபோன செய்தி மூளைத்தண்டுக்குப் போய், அங்கிருந்து இரண்டு பக்க முக நரம்புகளுக்கும் பிரிந்து போவதுதான் காரணம். வலது காதில் கேட்டதற்கு இடது காதும் சாட்சி சொல்லும்!

இம்ப்ளான்ட்டுக்கும் இது பொருந்துமா? மின்சாரத்தால் செவி நரம்பைத் தூண்டினாலும் இதே தசை சுருங்குமா? சுருங்கும் என்று 1986-ல் அமெரிக்காவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜெர்ஜரும் அவர் குழுவினரும் ஓர் இம்ப்ளான்ட் நோயாளியிடம் பதிவு செய்து காட்டினார்கள். பிறகு நடந்த பல ஆய்வுகள் அதற்கு அடுத்த படியைச் சொல்லின. தசை சுருங்கத் தொடங்கும் அளவும், பெரியவர்கள் ‘சத்தமாக இருக்கிறது, ஆனால் தாங்கலாம்’ என்று வாயால் சொல்லும் அளவும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே இருந்தன.

வாயால் சொல்லத் தெரிந்தவர்களிடம் இரண்டும் ஒத்துப்போகிறது என்றால், சொல்லத் தெரியாத குழந்தையிடம் தசையைக் கேட்டால் போதாதா? அந்தக் கேள்விதான் இந்தப் பரிசோதனையின் அடிப்படை. சென்னையில் டாக்டர் மோகன் காமேஸ்வரனின் மெட்ராஸ் இ.என்.டி. ரிசர்ச் ஃபவுண்டேஷன் போன்ற இடங்களில் இதுபோன்ற அளவீடுகளைப் பற்றி ஆராய்ந்து கட்டுரைகளே எழுதியிருக்கிறார்கள்.

தவில் தோலும் செவிப்பறையும்

காதைக் கிழிக்காமல், உள்ளே இருக்கும் 6 மில்லிமீட்டர் தசை சுருங்குவதை எப்படிப் பார்ப்பது?

காருக்குறிச்சிப் பக்கம் மண்பானை வாங்கப் போனால் விரலால் தட்டிப் பார்ப்பார்கள். வரும் சத்தத்தை வைத்து உள்ளே விரிசல் இருக்கிறதா என்று தெரியும். காதிலும் அதே வேலைதான். ரப்பர் முனை வைத்த ஒரு சிறு குழாயைக் காதுத் துளையில் செருகி, அதன் வழியாக மெல்லிய ரீங்காரம் ஒன்றை அனுப்புவார்கள். வழக்கமாக அது 226 ஹெர்ட்ஸ். செவிப்பறை தளர்வாக இருந்தால் அந்த ஒலியை நிறைய உள்வாங்கும். விறைப்பாக இருந்தால் திருப்பி அனுப்பும். தவில் தோலை வார் பிடித்து இறுக்கியதும் அதன் குணமே மாறிவிடுவதில்லையா, அதுபோலத்தான். உள்ளே தசை சுருங்கியதும் எலும்புகள் விறைக்கும். எலும்போடு ஒட்டிய செவிப்பறையும் விறைக்கும். திரும்பி வரும் ஒலி கூடும். திரையில் நேராக ஓடும் கோடு சட்டென்று ஒரு பள்ளம் விழும்.

இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்கு இந்தக் குழாயைப் பெரும்பாலும் இம்ப்ளான்ட் வைக்காத காதில்தான் வைப்பார்கள். அறுவை சிகிச்சை நடந்த பக்கம் நடுச்செவியின் அசைவு மாறியிருக்கலாம் என்பதால் இந்த ஏற்பாடு. ஒரு காதுக்குள் மின்சாரம், இன்னொரு காதில் சாட்சி.

முதல் நாள் தோல்வி

சேரன்மகாதேவி அம்மாவுக்கு இந்தப் பரிசோதனை பற்றிச் சொன்னது, திருநெல்வேலியில் அவர்கள் போய்வந்த மையத்தில் புதிதாகச் சேர்ந்த இளம் ஆடியாலஜிஸ்ட். பிள்ளை கருவியைப் பிடுங்குவதை அம்மா சொன்னதும் அவர் திட்டவில்லை. “எந்த நேரத்துல கழட்டுதா அக்கா? மிக்ஸி ஓடும்போதா, சும்மா இருக்கும்போதா?” என்று கேட்டார்.

அம்மா யோசித்துப் பார்த்தார். குக்கர். பாத்திரம் விழும்போது. பஸ் ஹாரன். கோயில் மேளம். பக்கத்து வீட்டு அக்கா சிரிக்கும்போது. எல்லாமே பெரிய சத்தம். இத்தனை நாள் யாரும் இதை வரிசைப்படுத்திக் கேட்டதில்லை.

அன்றைக்கே பரிசோதனைக்கு உட்கார்ந்தார்கள். ஆனால், முதலில் செய்யும் டிம்பனோமெட்ரியிலேயே தடங்கல். மலைபோல் ஏறி இறங்க வேண்டிய கோடு தட்டையாக விழுந்தது. பிள்ளைக்கு ஒரு வாரமாகச் சளி. நடுச்செவியில் நீர் கோத்திருந்தது. நீர் நிறைந்த காதில் தசை சுருங்கினாலும் செவிப்பறையில் ஒன்றும் தெரியாது. “டாக்டர்ட்ட காட்டி, சளி சரியானதும் வாங்கக்கா. இப்பப் பாத்தா பொய்க்கணக்குதான் வரும்” என்று அனுப்பிவிட்டார்.

ஒரு நாள் பீடி சுற்றுவதை விட்டுவிட்டு வந்தால் அந்த நாள் கூலி போச்சு. அம்மாவுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால், ‘தெரியாததைத் தெரிந்ததுபோல் குறித்துக் கொடுக்கவில்லையே’ என்ற நிம்மதியும் இருந்தது.

கோடு விழுந்தது

மூன்று வாரம் கழித்து மறுபடி ரயில். இந்த முறை கோடு மலைபோல் ஏறி இறங்கியது. பிள்ளையை அம்மா மடியில் வைத்து, செல்போனில் சத்தமில்லாமல் கார்ட்டூன் ஓடவிட்டார்கள். குழந்தை அழுதாலும், மென்றாலும், விழுங்கினாலும் கோடு ஆடும். அதனால் முறுக்கை அப்பாவின் சட்டைப் பைக்குள் ஒளித்துவைத்தார்கள்.

ஆடியாலஜிஸ்ட் ஒரு மின்முனையைத் தேர்ந்தெடுத்து, மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்தார். ஒவ்வொரு முறையும் அரை நொடிகூட நீடிக்காத ஒரு துடிப்பு. ஒன்றுமில்லை. ஒரு படி கூட்டினார். ஒன்றுமில்லை. இன்னொரு படி. கோடு நேராகவே ஓடியது. இன்னொரு படி கூட்டியதும் கோட்டில் சின்னதாக ஒரு பள்ளம்.

மறுபடி அதே அளவு. மறுபடி பள்ளம். ஒரு படி குறைத்தார். பள்ளம் இல்லை. கூட்டினார். பள்ளம்.

“பாத்தீங்களாக்கா? துடிப்பு போற நேரத்துக்குச் சரியா இறங்குது. இது தற்செயலா வந்த அசைவு இல்ல” என்றார்.

அம்மா திரையைப் பார்த்தார். பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். பிள்ளை கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால், அவள் காது பேசிக்கொண்டிருந்தது. அதுவும், எந்தக் கருவியும் வைக்காத, பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் கேட்டறியாத அந்த இன்னொரு காது!

எல்லா மின்முனைக்கும் அன்று பார்க்க முடியவில்லை. உள்ளே, நடுவில், வாசல் பக்கம் என்று சிலவற்றைப் பார்த்து, இடையில் உள்ளவற்றுக்கு அதை வைத்துக் கணக்குப் போட்டார்கள். பதில் தெளிவாக இருந்தது. கீச்சுக்குரல் பக்கத்து மின்முனைகளில் மேல் எல்லை, தசை சுருங்கும் அளவைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. குக்கர் விசிலும் பாத்திரச் சத்தமும் வந்து குத்தியது அங்கேதான். கனத்த குரல் பக்கமோ அளவு தேவைக்கும் கீழே இருந்தது. அப்பா கூப்பிட்டால் அவள் திரும்பாததன் காரணங்களில் ஒன்று அது.

‘கேக்கல, கூட்டுங்க’ என்று அம்மா சொன்னதும் உண்மை. ‘வலிக்கி, வேண்டாம்’ என்று பிள்ளை கழற்றியதும் உண்மை. இரண்டு பேர் சொன்னதும் வேறு வேறு மின்முனைகளைப் பற்றி!

வார்த்தையின் வால்

புது அளவுகளைத் தசை காட்டிய இடத்துக்கு ஒரு படி கீழே வைத்து, பேசிப் பார்த்து, கைதட்டிப் பார்த்து, மேசையில் தட்டிப் பார்த்து அனுப்பினார்கள். அதிசயம் எதுவும் உடனே நடக்கவில்லை. வீட்டுக்கு வந்த முதல் வாரமும் பிள்ளை கருவியைக் கண்டால் ஓடினாள். சூடுபட்ட பூனை அடுப்பை நம்புவதற்கு நாள் ஆகும். ஆச்சி கதைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, கருவி மாட்டினால் மட்டும் மடியில் இடம் என்று சட்டம் போட்டார்.

மூன்றாவது வாரம் குக்கர் விசில் அடித்தது. பிள்ளை திரும்பி அடுப்பைப் பார்த்தாள். அவ்வளவுதான். கை காதுக்குப் போகவில்லை. அடுப்படியில் நின்ற அம்மா அன்றைக்குச் சோற்றைக் குழைய விட்டுவிட்டார்.

இப்போது காலையில் மாட்டினால் ராத்திரி தூங்கும்போதுதான் கழற்றுகிறாள். பேச்சுப் பயிற்சியும் கூடவே நடக்கிறது. தமிழில் இதற்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. நம் மொழியில் யார், எப்போது, எங்கே என்பதெல்லாம் வார்த்தையின் வாலில்தான் இருக்கிறது. வந்தான், வந்தாள், வந்தார். வீட்டில், வீட்டுக்கு, வீட்டோடு. பேசும்போது நம் குரல் இறங்குவதும் அதே வாலில்தான். மேல் எல்லையும் கீழ் எல்லையும் சரியாக இல்லாவிட்டால், குழந்தைக்குத் தலை கேட்கும், வால் கேட்காது. ‘அப்பா வந்’ என்பதுவரை கேட்டு, வந்தாரா, வருவாரா என்று தெரியாமல் நிற்கும்.

இந்தப் பிள்ளை ஒருநாள் வாசலில் நின்று, “அப்பா வந்தாச்சி” என்றாள். முழு வாலோடு. கொஞ்ச நாள் கழித்து, ஆச்சி தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைக்கப் போனபோது கையைக் குறுக்கே நீட்டி, “போதும்” என்றாள்.

அந்த ஒரு வார்த்தை அவளிடம் இல்லாமல் இருந்ததுதான் இத்தனை நாள் பிரச்னையே.

இது மந்திரக்கோல் இல்லை

இந்தப் பரிசோதனை எல்லோருக்கும் பலிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. சிலரிடம், எல்லாம் சரியாக இருந்தும் தசையின் அசைவு பதிவாகாது. நடுச்செவியில் நீர், காது அழுக்கு, செவிப்பறையில் ஓட்டை இருந்தால் பார்க்க முடியாது. ஓடியாடும் குழந்தை சில நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். தசை சொல்வது மேல் எல்லைக்கான வழிகாட்டி மட்டும்தான். கீழ் எல்லையை அது சொல்லாது.

நரம்பின் பதிலை இம்ப்ளான்ட்டே நேரடியாகப் பதிவு செய்து அனுப்பும் முறையும் இருக்கிறது. அது விரைவானது, குழந்தை அசைந்தாலும் செய்யலாம். ஆனால், நரம்பு பதில் சொல்லத் தொடங்கும் அளவு ஒருவருக்குக் கீழ் எல்லைக்குப் பக்கத்திலும், இன்னொருவருக்கு மேல் எல்லைக்குப் பக்கத்திலும் இருக்கலாம். மேல் எல்லையைக் கணிக்கத் தசையின் பதில்தான் அதைவிட நெருக்கமாக வருகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நல்ல ஆடியாலஜிஸ்ட் இரண்டையும் பார்ப்பார். கூடவே குழந்தையின் முகத்தையும் பார்ப்பார், அம்மா சொல்வதையும் கேட்பார்.

காது கேளாத எல்லாக் குழந்தைக்கும் இம்ப்ளான்ட்தான் வழி என்பதும் இல்லை. பாளையங்கோட்டையில் இருக்கும் ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் காதுகேளாதோர் பள்ளி, 19-ம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலிருந்து குழந்தைகளைப் படிக்கவைத்து ஆளாக்கியிருக்கிறது. கைகளால் பேசி, முழுமையாக வாழ்கிறவர்கள் இந்த மாவட்டத்தில் நிறைய பேர். ஆனால், ஒரு குடும்பம் இம்ப்ளான்ட் வழியைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அறுவை சிகிச்சை முடிந்ததோடு வேலை முடியவில்லை என்பதை மனதில் வைக்க வேண்டும்.

பெற்றோர் கவனத்துக்கு...

* குழந்தை கருவியைக் கழற்றினால் முதலில் திட்டாதீர்கள். எந்தச் சத்தத்தின்போது கழற்றுகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மேப்பிங் போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோங்கள்.

* பெரிய சத்தம் கேட்கும்போது கண் இமை, முகத்தின் ஓரம் துடித்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். மின்சாரம் பக்கத்தில் இருக்கும் முக நரம்பையும் தூண்டுகிறது என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம்.

* ‘கேக்கல, கூட்டுங்க’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எது கேட்கவில்லை, எது கேட்கிறது, எதற்குப் பயப்படுகிறது என்று பிரித்துச் சொல்லுங்கள்.

* ‘என் பிள்ளைக்கு ஸ்டெபீடியல் ரிஃப்ளெக்ஸ் பார்த்து மேல் எல்லை வைக்க முடியுமா?’ என்று கேளுங்கள். முடியாது என்றால் ஏன் என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

* சளி, காதுவலி இருந்தால் முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிடுங்கள். வீண் அலைச்சல் மிச்சமாகும்.

* இம்ப்ளான்ட் வைத்த முதல் சில மாதங்களில் அளவுகள் மாறிக்கொண்டே இருக்கும். சொன்ன தேதியில் மேப்பிங் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சேரன்மகாதேவி அம்மா இப்போது அந்த மையத்துக்குப் போகும்போதெல்லாம், வராந்தாவில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாக்களிடம் பேச்சுக் கொடுக்கிறார். யாராவது, “எம்பிள்ளை கழட்டிக் கழட்டி எறியுதுக்கா, ஒரே சேட்டை” என்று சொன்னால் போதும். உடனே கேட்கிறார்:

“எந்தச் சத்தத்துக்குக் கழட்டுதுன்னு பாத்தியாம்மா?”